வேடந்தாங்கலும் நம் பி பிளாக் மரமும்

(பொங்கல் விழாவின்போது நம் சமுதாயக் கூடத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே தருகிறோம்.)

 

கோலப் போட்டிக்கும் மதிய சாப்பாட்டுக்கும் நடுவில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பந்தியிலிருந்து சாம்பார் வாசம் இங்கே வரை வருகிறது. அதனால் அளவாகத்தான் பேசுவேன்.

போன மாதம் நம் குடியிருப்பிலிருந்து 14 பேர் வேன் பிடித்து வேடந்தாங்கல் போய்வந்தோம். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அங்கே எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். "எப்படி எடுத்தீர்கள், என்ன கேமரா, நாங்களும் வரலாமா" என்று பலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. கூடவே, எனக்கு நேர்ந்த ஒரு தவறைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

ஊர் காத்த ஏரி

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே போகிறது பாதை. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஏரி பெரியதொன்றும் இல்லை, ஏறக்குறைய 75 ஏக்கர்தான். நம்மூர்ப் பக்கத்தில் அதைவிடப் பெரிய ஏரிகள் இருக்கின்றன. இருந்தும் பறவைகள் அங்கே போய்க் கூடு கட்டுகின்றன என்றால், அதற்குக் காரணம் உண்டு.

ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் கூட்டமாக நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் அந்த மரங்கள் பாதி முழுகி நிற்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனை, நாய், நரி எதுவும் மரத்தில் ஏற முடியாது. அதுதான் பறவைகளுக்குக் காவல். மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருடம் கூடு கட்டுவதும் குறைந்துபோகும். ஆகவே போவதற்கு முன்னால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

இரண்டாவது காவல் ஊர் மக்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 'வேடந்தாங்கல்' என்றால் வேடர்கள் தங்கிய இடம் என்று பொருள் சொல்வார்கள். பெயரில் வேட்டை இருந்தாலும், வேட்டையைத் தடுத்ததும் அதே ஊர்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள். 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். 'கவுல்' என்று அதற்குப் பெயர். வனத்துறை, சரணாலயச் சட்டம் எதுவும் இல்லாத காலம் அது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 170 வருடங்களுக்கு முன்பே ஒரு கிராமம் தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டது. 2022-ல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் பெயர் பெற்றது.

ஊர்க்காரர்கள் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள்? பறவைப் பாசம் மட்டும் காரணம் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே போகிறது. பறவை எச்சம் அவர்களுக்கு நெல். அதனால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக்கூட விட்டார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம் உண்டு. எச்சம் பற்றிச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

முதல் இருபது நிமிடம்

இனி நடைக்கு வருவோம். கரைமேல் நீளமாக நடைபாதை இருக்கிறது, காட்சிக் கோபுரமும் இருக்கிறது. நாங்கள் பொழுது விடியும்போதே போய்ச் சேர்ந்தோம். வேனை விட்டு இறங்கியதுமே எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முதல் இருபது நிமிடம் யாரும் படம் எடுக்கக் கூடாது.

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். குழந்தைகள் சொன்னபடி கேட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் நம் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று என் சட்டையை இழுத்து, "அங்கிள், அந்தக் கொக்கு ஏன் வாயைத் திறந்துகிட்டே இருக்கு? பாடுதா?" என்று கேட்டது.

நல்ல கேள்வி. அது கொக்கு இல்லை, நத்தை குத்தி நாரை. வளர்ந்த பிறகு அதன் அலகு முழுசாக மூடாது, நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். வயலில் நத்தையைப் பிடித்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு. நாரைகளுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகுகளைத் தட்டித்தான் ஒலி எழுப்பும். 'டக டக' என்று கேட்டால் அதுதான். இந்த விஷயத்தை அந்தக் குழந்தை இனி மறக்காது. முதலிலேயே படம் எடுத்திருந்தால் "வெள்ளைப் பறவை" என்று கைபேசியில் ஒன்று கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த இருபது நிமிடத்தில் நாங்கள் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். நீங்கள் போனாலும் இவற்றைப் பார்க்கலாம்.

ஒரு பறவை தண்ணீருக்குள் உடம்பை முழுக்க மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். தூரத்தில் பார்த்தால் பாம்பு போவதுபோல இருக்கும். அதனால்தான் பாம்புத்தாரா என்று பெயர். அதன் இறகு வாத்தின் இறகுபோல் தண்ணீரை உதறாது, நனைந்துவிடும். முங்கி மீன் பிடிக்க அதுவே வசதி. ஆனால் வெளியே வந்ததும் கிளையில் உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்க வேண்டும். நாம் கொடியில் துணி உலர்த்துவதுபோலத்தான். நீர்க்காகமும் அப்படியே செய்யும்.

மஞ்சள் மூக்கு நாரையைச் சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். வால் பக்கம் ரோஜா நிறத்தில் இறகுகள் இருக்கும். வெயில் ஏற ஏற, தாயோ தகப்பனோ கூட்டின்மேல் சிறகை விரித்து நின்றுகொண்டு குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் ஊற்றுவதும் உண்டு. வளர்ந்த நாரையின் கால் வெள்ளையடித்ததுபோல இருந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். தன் காலிலேயே எச்சம் போட்டுக்கொண்டு, அது உலரும்போது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைப் பையைப் படபடவென்று ஆட்டினால் அதுவும் சூட்டுக்குத்தான்.

கரண்டிவாயன் ஆழமில்லாத தண்ணீரில் அலகைப் பாதி திறந்து, தோசைக்கல்லில் மாவைத் தேய்ப்பதுபோல இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கும். அலகுக்குள் எது பட்டாலும் டக்கென்று மூடிக்கொள்ளும்.

மாலை வரை இருந்தால் இன்னொரு காட்சி உண்டு. சூரியன் சாயும்போது சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் மேய்ந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். வானமே நிறைந்துவிடும். அதே நேரம் மரத்திலிருந்து எதிர்த்திசையில் சில பறவைகள் கிளம்பும். குட்டையான கழுத்து, கருநீல முதுகு, சிவந்த கண். போகும்போது 'வக்' என்று ஒரு குரல். அதுதான் வக்கா, இராக்கொக்கு என்றும் சொல்வார்கள். பகல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வர, நைட் ஷிப்ட் பார்க்கிறவர் வேலைக்குப் போகிறார். ஐடி கம்பெனி வாசல் மாதிரியே இருந்தது என்று வந்தவர்கள் சிரித்தார்கள்.

பறவைகள் தங்குவது ஏரியில், சாப்பாடு வெளியில். அதனால்தான் சரணாலயத்தின் எல்லை ஏரியோடு நிற்காமல் சுற்றிலும் ஐந்து கிலோமீட்டர் வரை வகுக்கப்பட்டிருக்கிறது. ஏரியை மட்டும் வேலி போட்டுக் காத்து, சுற்றியுள்ள வயலையும் குட்டையையும் மூடிவிட்டால் பறவை பட்டினிதான்.

படம் எடுக்க நினைப்பவர்களுக்கு

இப்போது கேமராக்காரர்களுக்கு நாலு வார்த்தை. விலை உயர்ந்த லென்ஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம். சென்னையில் வாழ்ந்த ம. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைப் பூட்டிக்கொண்டு காட்டுயிர்ப் படங்கள் எடுத்தவர். அவர் எடுத்த படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். இன்று பார்த்தாலும் அந்த விலங்கு நம் முன்னால் மூச்சுவிடுவது தெரியும். காரணம், எடுப்பதற்கு முன்னால் அவர் பார்த்த நேரம்.

முதலாவது வெளிச்சம். காலை முதல் இரண்டு மணி நேரம், மாலை கடைசி இரண்டு மணி நேரம். நடுப்பகல் வெயிலில் வெள்ளை இறகு சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும், கண் கறுத்துவிடும். முடிந்தவரை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

இரண்டாவது, வெள்ளைப் பறவையின் சிக்கல். கறுத்த இலைகளுக்கு முன்னால் கொக்கு நின்றால், கேமரா இலையைப் பார்த்து ஏமாந்து படத்தை அளவுக்கு மீறி வெளிச்சமாக்கிவிடும். கைபேசியில் பறவையின்மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். இறகின் வரிகள் தெரியத் தொடங்கும்.

மூன்றாவது, கண். இறகு, கால், கிளை எல்லாம் துல்லியமாக இருந்து கண் மங்கியிருந்தால் அந்தப் படம் வீண். கண் துல்லியமாக விழுந்தால் மற்றதை மன்னிக்கலாம்.

நான்காவது, பறக்கும் பறவை. ஷட்டர் வேகம் 1/2000 அளவுக்கு வையுங்கள். பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களை நோக்கி எழும்பும். கிளம்பப் போகிறது என்பதற்கு அடையாளம் உண்டு. உடம்பை முன்னால் சாய்க்கும், கழுத்தை நீட்டும், பல தடவை எச்சமிட்டு எடையைக் குறைத்துக்கொள்ளும். இதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

ஐந்தாவது, கைபேசி மட்டும் இருப்பவர்கள் பெரிதாக்கி எடுக்க முயன்று சலித்துப்போக வேண்டாம். மரம், தண்ணீர், நூறு பறவை எல்லாம் சேர்ந்த அகலமான படம் எடுங்கள். அந்த இடத்தின் கதையை அந்தப் படம்தான் சொல்லும். ஒரு பைனாகுலர் இருந்தால் அதன் கண்ணாடியில் கைபேசியை ஒட்டி வைத்தும் எடுக்கலாம். எங்கள் வேனில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் அப்படித்தான் கூழைக்கடாவை எடுத்தாள். அன்றைய படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த ஆள்காட்டிப் படம்

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஒரு படம் பலருக்கு நினைவிருக்கும். ஆள்காட்டிக் குருவி சிறகை விரித்துக் கொண்டு, வாயைத் திறந்து, கேமராவைப் பார்த்து நேராக நிற்கும். "செம ஷாட்", "என்ன கம்பீரம்", "சட்டகம் போட்டு மாட்டுங்கள் சார்" என்று நிறைய பாராட்டு வந்தது. நானும் பெருமையாக இருந்தேன்.

அந்தப் படம் எடுத்த கதை இதுதான். ஏப்ரல் மாதம், ஒரு வற்றிய ஏரிக்கரை. காலை பத்து மணி தாண்டியிருக்கும். நல்ல வெயில். ஆள்காட்டி தரையில்தான் முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கூழாங்கல் நிறத்திலேயே முட்டை இருப்பதால் மிதிக்கும் வரை தெரியாது. நான் கரையை விட்டு இறங்கி நடந்தபோது இரண்டு பறவைகளும் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தத் தொடங்கின. பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நகரவில்லை. கத்துகிற பறவை நல்ல படம் தரும் என்று அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒன்று என் முன்னால் இறங்கி, சிறகை விரித்து, வாயைத் திறந்து நின்றது. எடுத்தேன். இன்னும் நன்றாக வரட்டும் என்று மறுபடி எடுத்தேன். அரை மணி நேரம் போயிருக்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கரைமேல் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏன்யா, நீ அங்கே குந்திக்கினு இருக்கிற வரைக்கும் அது முட்டைமேல வந்து உக்காராது. இந்த வெயிலுக்கு முட்டை வெந்துடும்யா. எழுந்து வா." அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கோடையில் ஆள்காட்டி அடைகாப்பது பெரும்பாலும் சூடேற்றுவதற்கு இல்லை, வெயில் படாமல் நிழல் தருவதற்கு. சில சமயம் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், குளிர்ச்சிக்காக. நான் கம்பீரம் என்று நினைத்ததும், நீங்கள் கம்பீரம் என்று எழுதியதும், ஒரு தாயோ தகப்பனோ செய்த கெஞ்சல்.

அடுத்த வாரம் அந்தக் கரைக்குப் போய், தூரத்திலிருந்தே பார்த்தேன். ஆள்காட்டிகள் அங்கே இல்லை. குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு போனதா, முட்டை கெட்டுப்போய் விட்டுவிட்டுப் போனதா, காக்கை தூக்கியதா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அந்தப் படத்தைச் சட்டகம் போடவில்லை. கணினியில் அழிக்காமல் வைத்திருக்கிறேன், எனக்கு நினைவூட்டலாக.

வேடந்தாங்கலில் நமக்கும் கூட்டுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது. அது நம்மை நிறுத்திவிடுகிறது. மற்ற இடங்களில் அப்படி எதுவும் கிடையாது. நாமே நின்றால்தான் உண்டு.

அதற்குப் பிறகு எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். நம் குடியிருப்பிலிருந்து கூட்டிப்போகும்போதும் இவைதான் விதிகள்.

ஒன்று, பறவை தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தால், நாம் போதுமான அளவு கிட்டே வந்துவிட்டோம். கத்தினால் மிகவும் கிட்டே வந்துவிட்டோம். ஒரு படி, இரண்டு படி பின்னால் போக வேண்டும்.

இரண்டு, பாதையை விட்டு இறங்கக் கூடாது. தரையில் கூடு கட்டும் பறவைகள் நிறைய.

மூன்று, தனிக் கூட்டைத் தேடிப்போய்ப் படம் எடுக்கக் கூடாது. தற்செயலாகப் பார்த்தாலும் இடத்தைக் குழுவில் போடக் கூடாது. இலையை, கிளையை ஒதுக்கவே கூடாது. மறைவை நாம் விலக்கினால் பருந்துக்கும் காக்கைக்கும் வழி காட்டியதாகிவிடும்.

நான்கு, கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கக் கூடாது. தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று அது பதறி ஓடிவரும். ஃபிளாஷ் வேண்டாம். டிரோன் வேண்டாம். பறக்கவைப்பதற்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும் அறவே வேண்டாம்.

ஐந்து, பச்சை, காக்கி, பழுப்பு மாதிரி மங்கல் நிற உடை. மெல்லிய பேச்சு. சிப்ஸ் பாக்கெட் உட்பட கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும்.

நம் வாசலில் ஒரு சின்ன வேடந்தாங்கல்

இனி என் வேண்டுகோள். இதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

பி பிளாக் விசிட்டர் பார்க்கிங் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மழைக்குப் பிறகு அதில் வக்காக்கள் கூடு கட்டியிருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியிலிருந்து பைனாகுலரில் எண்ணினேன். கண்ணுக்குத் தெரிந்தவரை 11 கூடுகள். குறைந்தது ஆறில் குஞ்சுகள் தலையை நீட்டுகின்றன. இரவு ஒன்பது மணிக்கு 'வக்' என்று கேட்கிறதே, என்ன சத்தம் அது என்று செக்யூரிட்டியிடம் விசாரித்தவர்களுக்கு இதுதான் பதில்.

அந்த மரத்தின் கிளைகளை வெட்ட வேண்டும் என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த செயற்குழுவில் அது வருகிறது. எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை. என் காரும் அங்கேதான் நிற்கிறது. எச்சம் பெயின்ட்டைக் கெடுக்கும், நாற்றம் அடிக்கும், தவறிவிழும் மீன் துண்டுக்கு எறும்பு வரும். பெருக்குகிற அம்மாவுக்கு இரட்டை வேலை. இதெல்லாம் உண்மையான தொல்லை. வேடந்தாங்கல்காரர்களுக்கு எச்சம் நெல்லாகத் திரும்பி வந்தது. நமக்குக் கார் கழுவும் வேலைதான் மிச்சம். ஒப்பிடுவதில் எனக்கே கூச்சம் இருக்கிறது.

ஆனாலும் கேட்கிறேன். இப்போது வெட்டாதீர்கள். வக்காக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து நன்றாகப் பறக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். இப்போது கிளையை வெட்டினால் குஞ்சுகள் சிமென்ட் தரையில் விழும். அதை யாருடைய குழந்தை பள்ளி வேனுக்கு நிற்கும்போது பார்க்கப் போகிறதோ. சட்டமும் இருக்கிறது. 1972 சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடக்கம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். சட்டம் வருவதற்கு முன்பே ஒரு கிராமம் செய்ததைத்தான் கேட்கிறேன்.

வெறுமனே பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. என் யோசனைகள் இவை. ஏப்ரல் வரை அந்த மரத்தடியில் உள்ள ஐந்து இடங்களில் கார் நிறுத்த வேண்டாம். விசிட்டர் கார்களை கிளப் ஹவுஸ் பக்கம் மாற்றலாம். மரத்தடியில் காய்ந்த சருகைப் பரப்பி, வாரம் ஒருமுறை அள்ளி நம் கம்போஸ்ட் குழியில் போடலாம். அள்ளுகிற வேலையைத் தோட்டப் பணியாளர் தலையில் கட்டாமல், வேடந்தாங்கல் வந்த எங்கள் குழு சனிக்கிழமை காலையில் செய்யும். முகக்கவசமும் கையுறையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். ஏப்ரலில் கூடுகள் காலியான பிறகு, பாதைமேல் வந்து நிற்கும் கிளைகளை மட்டும் தேவையானால் சீர் செய்யலாம். அப்போது நானே முன்னால் நிற்கிறேன்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. இந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015-லிருந்து வருடந்தோறும் பொங்கல் விடுமுறையில் நடப்பது. காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பால்கனியில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவை எது, எத்தனை என்று இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். காக்கை, புறா, மைனா, எல்லாம் கணக்குதான். நாளை காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடிக்கு வாருங்கள். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். நம் குடியிருப்பின் பட்டியலில் முதல் வரியாக வக்காவை எழுதுவோம். கேமரா வேண்டாம். முதல் பதினைந்து நிமிடம் பார்க்க மட்டும்தான்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பந்திக்குப் போகும் வழியில் பி பிளாக் மரத்தடியில் ஒரு நிமிடம் நின்று நிமிர்ந்து பாருங்கள். பகல் நேரம், பெரிய வக்காக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். குஞ்சுகள் மட்டும் விழித்திருக்கும். கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அவற்றின் நிம்மதிக்கும் நல்லது, உங்கள் பட்டு வேட்டிக்கும் நல்லது.